முடியாது என்பதும் விடையே

சதுரம் ஒன்றை வரைந்து, அதன் மூலைவிட்டங்கள் இரண்டையும் இட்டு, “கை எடாமலும், ஒருமுறை சென்ற கோட்டிலே மறுமுறை செல்லாமலும் இவ்வுருவை வரைக” எனச் சிறுவரை ஏவும் வழக்கம் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் மணலிலும் தாளிலும் வரைந்து வரைந்து அழிப்பர். “இன்னும் முயல்க” என்பதே அவர்க்குப் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. இவ்வழக்கம் திருத்தத்தக்கது என்பது எமது கருத்து.

அவ்வுருவை அவ்வாறு வரைதல் எவர்க்கும் இயலாது. அதற்குரிய காரணத்தை லெனாட் ஒயிலர் என்னும் சுவிஸ் நாட்டுக் கணித அறிஞர் 1735ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்தினார். கொனிக்ஸ்பேர்க் நகரில் அக்காலத்தில் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரேயொரு முறை கடந்து எல்லாவற்றிலும் நடந்துவர இயலுமா என்பது வினா. ஒயிலர் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து விடை கண்டாரல்லர். ஒவ்வொரு நிலப்பகுதியையும் தொடும் பாலங்களை எண்ணியே விடை கண்டார்.

நாவற்குடாவிலிருந்து மட்டுநகர் செல்வோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தை மட்டும் ஒருமுறை கடப்பவர் அக்கரையிலே நிற்பர். 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டமையால், இன்று ஒன்றாற் சென்று மற்றதால் மீளலாம். மூன்றாவது பாலம் ஒன்று அமையுமாயின், மூன்றையும் ஒவ்வொரு முறை கடப்பவர் மீண்டும் அக்கரையிலேயே முடிவர். வருவதற்கு ஒரு வழியும் போவதற்கு ஒரு வழியும் வேண்டுமாதலின், நடையின் இடையில் வரும் இடங்களில் வழிகள் இரட்டைப்பட இருத்தல் வேண்டும். ஒற்றைப்பட்ட இடம் தொடக்கமாகவோ முடிவாகவோதான் அமையும். அத்தகைய இடங்கள் இரண்டின் மேற்படின் நடை நிறைவேறாது.

கொனிக்ஸ்பேர்க்கின் நான்கு நிலப்பகுதிகளையும் தொட்ட பாலங்கள் முறையே 5, 3, 3, 3. நமது சதுரத்திலோ, மூலைகளை இடங்களாகவும் கோடுகளைப் பாலங்களாகவும் கொள்ளின், நான்கு மூலைகளிலும் மும்மூன்று கோடுகள் கூடுகின்றன. இரண்டும் ஒருவாறே இயலாதன. அச்சதுரத்தின்மேற் கூரைபோல் ஒரு முக்கோணத்தைச் சேர்த்துவிடின், மேல்மூலைகள் இரண்டும் நந்நான்கு கோடுகள் பெறும். கீழ்மூலை ஒன்றில் தொடங்கி மற்றதில் முடித்துவிடலாம்.

தமிழாசிரியர்க்கு இதிலென்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். ஏதுவும் திட்டாந்தமும் இவையென மணிமேகலை ஒரு காதையில் விரித்துரைக்கின்றது. ஏதுக் காட்டி முடிவுரைத்தல் நம் இலக்கியம் அறிந்த நெறியேயன்றோ?

ஏதுக் காட்டாத “முடியாது” சோம்பல். ஏதுக் காட்டிய “முடியாது” அறிவு. இவ்வேறுபாட்டை உணர்த்தாது, இயலாத ஒன்றை முயலுமாறு ஏவிக்கொண்டேயிருப்பின், பிள்ளை வினாவின் குற்றத்தைத் தன் குற்றமாகக் கொள்ளும். தன்னை மந்தன் என்றே எண்ணிவிடும். முயற்சியைப் போற்றும் நாம் அதற்கு இடங்கொடுத்தல் தகாது.

ஆதலின், கல்விப் பணியிலுள்ள பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே. கூரையுள்ள உருவையும் கூரையில்லாத உருவையும் ஒருங்கே கொடுங்கள். எது இயலும், எது இயலாது, ஏன் என்று கேளுங்கள். காரணங்கூறி “முடியாது” என்று எழுதும் பிள்ளைக்கு நிறைந்த புள்ளி வழங்குங்கள்.