பழுதாகாத கணினிக்கு மரண தண்டனை

2025 அக்டோபர் 14 அன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் முதுமை எய்தின. அவற்றின் திரை உடையவில்லை, விசைப்பலகை தேயவில்லை, நினைவகம் கெடவில்லை. முந்தைய நாள் மாலை வரவு செலவு எழுதிய கணினி மறுநாள் காலையிலும் அதே வேலையைச் செய்தது. ஆயினும், விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இனி இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் குறித்திருந்த நாள் வந்துவிட்டது. அன்றைக்கு உலகின் விண்டோஸ் கணினிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்த இயங்குதளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

புதிய பதிப்பான விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளலாமே என்று கேட்கப்படலாம். மாறுவதற்குப் பணம் வேண்டாம். ஆனால் தகுதி வேண்டும். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017இல்தான் சந்தைக்கு வந்தன. அதற்கு முந்தைய செயலியோடு விற்கப்பட்ட கணினிகள், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, வாசலிலேயே நிறுத்தப்பட்டன. இவ்வாறு ஏறத்தாழ 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டது.

இந்தியாவில் இக்கணினிகள் யாரிடம் இருக்கின்றன? மின்கட்டணம் கட்டவும் விண்ணப்பம் நிரப்பவும் மக்கள் வரிசையில் நிற்கும் இணைய சேவைக் கடைகளில், சிறு அச்சகங்களில், தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில், அரசுப் பள்ளிகளில், தவணை முறையில் மடிக்கணினி வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பங்களில். பெருநிறுவனங்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் கழித்துவிடும் கணினிகளே இரண்டாம் கை விற்பனையாக இவர்களிடம் வந்து சேர்கின்றன. எனவே நிறுவனத்தின் நாட்காட்டி முதலில் தாக்குவது இவர்களைத்தான்.

இருக்கிறது, ஆனால் தரமாட்டார்கள்

"எந்த நிறுவனமும் பழைய பொருளுக்கு என்றென்றும் பணிசெய்ய முடியாது, பத்தாண்டு கொடுத்தது போதாதா?" என்பது நிறுவனத்துக்காக வாதாடுவோரின் முதல் கேள்வி. கேட்க நியாயமாகத் தோன்றும். உண்மையில் விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். ஆனால் அந்த இயங்குதளத்தோடு கணினிகள் விற்கப்பட்டது அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள். 2020இல் ஊரடங்குக் கால இணைய வகுப்புக்காகப் பழைய செயலியுள்ள மடிக்கணினியை வாங்கிய பெற்றோருக்குக் கிடைத்தது பத்தாண்டு அல்ல, ஐந்தே ஆண்டு. ஆயுளை எண்ணத் தொடங்குவது நிறுவனம் பொருளை வெளியிட்ட நாளிலிருந்து. பணம் கொடுத்தவர் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

இதைவிட முதன்மையான உண்மை ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அக்டோபர் 14க்குப் பிறகு நின்றுவிடவில்லை. அவை தொடர்ந்து எழுதப்படுகின்றன. பணம் செலுத்தும் வணிக நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை, அதாவது 2028 வரை வழங்கப்படும். விலை, கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர். ஒவ்வோராண்டும் அது இரட்டிப்பாகும். மூன்றாண்டுக்குக் கூட்டினால் 427 டாலர். இந்திய மதிப்பில் ஒரு புதிய எளிய மடிக்கணினியின் விலையே அவ்வளவுதான். தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு 30 டாலர், ஏறத்தாழ 2,600 ரூபாய். பணம் தர இயலாதவர் தம் கணினியின் அமைப்பு விவரங்களை நிறுவனத்தின் மேகக் கிடங்கில் சேமிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது நிறுவனத்தின் தேடுபொறி முதலியவற்றைப் பயன்படுத்திச் சேர்க்கும் வெகுமதிப் புள்ளிகளில் ஆயிரத்தைக் கொடுக்க வேண்டும்.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளுக்கு மட்டும் வேறு நீதி. அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் சட்டத்தைச் சுட்டிக்காட்டி நெருக்கின. 2025 செப்டம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது. அப்பகுதி மக்களுக்குக் கட்டணமும் வேண்டாம், மேகக் கிடங்கில் சேமிக்கும் நிபந்தனையும் வேண்டாம், ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்று அறிவித்தது. அதே மென்பொருள், அதே ஓட்டை, அதை அடைக்கும் அதே திருத்தம். பாரிசில் இருப்பவருக்கு இலவசம், பாட்னாவில் இருப்பவருக்கு விலை. தொழில்நுட்ப இயலாமை என்னும் வாதம் இந்த ஒற்றை முடிவில் சரிந்துவிழுந்தது. ஒரு முறை எழுதப்பட்ட திருத்தத்தை ஒரு கோடிப் பேருக்குக் கொடுத்தாலும் பத்துக் கோடிப் பேருக்குக் கொடுத்தாலும் எழுதும் உழைப்பு ஒன்றே. ஐரோப்பாவில் குழாயைத் திறந்தது சட்டம். இந்தியாவில் அது மூடிக்கிடப்பதற்குக் காரணம் சட்டமின்மை.

பாதுகாப்பு என்பது வெற்று மிரட்டல் என்று இதற்குப் பொருளல்ல. ஆபத்து மெய்யானது. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் பணப்பறிப்பு நிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டன் அரசு மருத்துவமனைகளின் பணிகளைக்கூட முடக்கியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. நான்காண்டு கழித்து, 2018 ஜூனில், ஆதரவற்ற இயங்குதளங்களில் ஓடும் ஏடிஎம் இயந்திரங்களை 2019 ஜூனுக்குள் மாற்றியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பேருடைய பணமும் உயிரும் சார்ந்திருக்கும் ஒன்றின் பாதுகாப்பை ஒரு நிறுவனத்தின் விற்பனைத் திட்டத்திடம் ஒப்படைக்கலாமா என்பதே கேள்வி.

நூறாண்டுப் பழைய தந்திரம்

பொருளைச் சாகடித்துச் சந்தையை வாழவைக்கும் கலை கணினியோடு பிறந்ததன்று. 1924இல் ஜெனிவாவில் ஓஸ்ரம், பிலிப்ஸ் உள்ளிட்ட மின்விளக்கு நிறுவனங்கள் கூடி போபஸ் என்னும் கூட்டணியை அமைத்தன. அதற்குமுன் 1,500 மணி நேரத்துக்கும் மேல் எரிந்த விளக்குகளின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்தன. கூடுதல் நேரம் எரியும் விளக்கைச் செய்த உறுப்பினர்களுக்கு அபராதம் விதித்தன. இயந்திரத்துக்குப் பயன்பாட்டால் வரும் தேய்மானத்தோடு, புதிய இயந்திரத்தின் வருகையால் வரும் மதிப்பிழப்பும் உண்டு என்பதை மார்க்ஸ் மூலதனத்தில் விளக்கினார். அவர் கண்டது போட்டியின் விளைவாக நேரும் மதிப்பிழப்பு. இன்றைய ஏகபோகமோ அந்த மதிப்பிழப்புக்குத் தேதி குறித்து, அறிவிப்பும் ஒட்டிவிடுகிறது.

விளக்கின் ஆயுளைக் குறைக்க அன்று இழையை மாற்ற வேண்டியிருந்தது. இன்று விற்றுமுடித்த பொருளின் ஆயுளை, வாங்கியவரின் சட்டைப்பையிலேயே வைத்து, தொலைவிலிருந்து மாற்றலாம். பழைய மின்கலமுள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. கைப்பேசி திடீரென அணைந்துவிடாமல் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கம் கூறியது. மின்கலத்தை மாற்றினால் வேகம் திரும்பும் என்பதை அறியாத பலர் கைப்பேசியையே மாற்றினர். மென்பொருள் புதுப்பிப்பால் கைப்பேசிகளை மந்தமாக்கியதற்காக இத்தாலி 2018இல் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. பிரான்ஸ் 2020இல் ஆப்பிளுக்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ஆப்பிள் ஒப்புக்கொண்டது. இந்திய நுகர்வோருக்கு இந்த விலைப்பட்டியலில் இடமில்லை.

வாங்கியவர் உண்மையில் உரிமையாளர்தானா என்னும் ஐயத்தை 2025 ஜூலை மாத நிகழ்வு ஒன்று நாட்டுக்கே உணர்த்தியது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் பங்கு வைத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைத் தொடர்ந்து, அந்நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாப்ட் துண்டித்தது. இந்தியாவில் இயங்கும் ஆலை; இந்தியச் சட்டப்படி பதிவான நிறுவனம்; கட்டணம் செலுத்திப் பெற்ற உரிமம். அது தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகே சேவை மீண்டது. பெரிய சுத்திகரிப்பு ஆலைக்கே இந்த நிலை என்றால், இணைய சேவைக் கடைக்காரரின் உரிமை என்ன மதிப்புப் பெறும்?

தற்சார்பு முழக்கமும் குப்பை மேடும்

தற்சார்பு இந்தியா என்று முழங்கும் ஒன்றிய அரசு இதில் என்ன செய்தது? 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலைத் திறந்தது. 2025 மே மாதத்தில் மற்றொரு குழு, எளிதில் பழுதுபார்க்கத்தக்க பொருள் எது என்பதைக் காட்டும் குறியீட்டுக்குப் பரிந்துரை அளித்தது. அக்குறியீட்டுக்கான மதிப்பெண்ணை நிறுவனங்களே தமக்கு இட்டு அறிவித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. குழு உண்டு, வாசல் உண்டு, பரிந்துரை உண்டு. உதிரி பாகம் தர மறுக்கும் நிறுவனத்தைத் தண்டிக்கும் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் மட்டும் இல்லை. ஐரோப்பாவிலோ 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் கைப்பேசிகளுக்கு ஏழாண்டு உதிரி பாகங்களும் ஐந்தாண்டு இயங்குதளப் புதுப்பிப்புகளும் தரவேண்டும் என்பது விதி.

2023 ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று இதே அரசு ஒரே நாளில் ஆணையிட்டது; எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்து, பதிவு முறையாகத் தளர்த்தியது. இறக்குமதியைக் குறைக்க எளிய வழி இருக்கும் கணினியை நீண்ட நாள் வாழவைப்பது. அந்த வழி அரசின் கண்ணில் படவில்லை. புதிய மடிக்கணினி ஒவ்வொன்றிலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி கிடைக்கும் என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

கழிக்கப்படும் கணினிகள் போய்ச்சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு மட்டுமே என்கிறது ஐநா அமைப்புகளின் அறிக்கை. தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் ஏழை உழைப்பாளர்கள் கையுறைகூட இல்லாமல் மின்சுற்றுப் பலகைகளை உடைக்கிறார்கள். செம்புக்காகக் கம்பிகளை எரிக்கிறார்கள். அமிலத்தில் உலோகத்தைப் பிரிக்கிறார்கள். ஈயமும் காட்மியமும் அவர்களுடைய நுரையீரலுக்கும் குழந்தைகளின் ரத்தத்துக்கும் செல்கின்றன. மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தரவேண்டும் என்று அரசு விதித்ததைக்கூட எதிர்த்து டைகின், சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்கள் தில்லி உயர்நீதிமன்றம் சென்றன. விற்கும்போது லாபம் நிறுவனத்துக்கு. சாகும்போது நஞ்சு சீலம்பூருக்கு.

மாற்று வழி கற்பனை அன்று. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கடந்த இருபதாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்திவருகின்றன. பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வும் அதில்தான் நடக்கிறது. இதனால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமானதாக மாநிலக் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் கணக்கிடுகிறது. அக்டோபர் 14 அந்த வகுப்பறைகளுக்கு மற்றுமொரு நாள், அவ்வளவே. ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனமே 2007இல் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை என்று 2015இல் ஒன்றிய அரசு கொள்கையும் அறிவித்தது. பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் விண்டோசுக்கு மாற்றாக மாயா என்னும் இயங்குதளத்தைக் கையிலெடுத்தது. ராணுவத்துக்கு வேண்டும் தற்சார்பு, பள்ளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேண்டாமா?

லினக்சில் எல்லா மென்பொருளும் ஓடாது, பழகச் சிரமம் என்பது உண்மையே. அந்தச் சிரமத்தில் பெரும்பகுதி அரசே உண்டாக்கியது. குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கும் படிவங்களையும் இணையவாசல்களையும் கைவிட்டு, எந்த இயங்குதளத்திலும் இயங்கும் பொதுத் தரங்களைக் கட்டாயமாக்கினால் பாதிச் சிரமம் அன்றே தீரும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. கடைசிக் கருவி விற்ற நாளிலிருந்து குறைந்தது பத்தாண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம் என்று சட்டம் வேண்டும். அந்த முடிவு நாள் பெட்டியின் மேல் விலையோடு அச்சிடப்பட வேண்டும். ஐரோப்பாவுக்குக் கொடுத்த சலுகை இந்தியாவுக்கும் நிபந்தனையின்றி வேண்டும். உதிரி பாகங்களும் பழுதுநீக்கக் கையேடுகளும் நேரு பிளேஸ் முதல் ரிச்சி தெரு வரை உள்ள சிறு தொழிலாளர்களுக்கு நியாய விலையில் கிடைக்க வேண்டும். அரசுப் பள்ளிகளும் அலுவலகங்களும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறவேண்டும். மின்னணுக் கழிவுத் தொழிலாளர்களுக்குப் பதிவும் பாதுகாப்புக் கருவியும் மருத்துவமும், அவற்றின் செலவுக்கு உற்பத்தி நிறுவனங்களின் பொறுப்பும் உறுதியாக வேண்டும்.

ஐரோப்பாவில் நிறுவனம் மனமிரங்கவில்லை. சட்டத்துக்கும் அமைப்பாகத் திரண்ட நுகர்வோருக்கும் பணிந்தது. தனிநபருக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13இல் முடிகிறது. அதற்குள் தொழிற்சங்கங்களும் மாணவர், வாலிபர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் இயக்கமும் ஒரே குரலில் இக்கோரிக்கைகளை எழுப்பினால், இந்தியாவிலும் அந்தக் குழாய் திறக்கும்.