தாய்வீடு இழந்த தாய்மார்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் இழப்புகளைக் கணக்கெடுக்கும் படிவங்களில் வீடு, கிணறு, மாடு, நெல்மூடை, நீரிறைக்கும் இயந்திரம் என்று பல நிரல்கள் உண்டு. 1990இலும், 2004 ஆழிப்பேரலையின் பின்னரும், 2006-2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து மக்கள் பெயர்ந்தபோதும், 2011 பெருவெள்ளத்தின் பின்னரும் எமது மக்கள் இத்தகைய படிவங்களை நிரப்பியிருக்கின்றனர். ஆயினும் நாம் கண்ட எந்தப் படிவத்திலும் இடம்பெறாத இழப்பு ஒன்றுண்டு. கருவுற்ற பெண்ணொருத்தி தன் உடலில் நிகழும் மாற்றங்களை அச்சமும் வெட்கமும் இன்றி ஏற்பதற்குத் துணைநின்ற தாய்வீடே அது.

மட்டக்களப்பில் தாய்வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அல்ல. தாயின் குடியே பிள்ளையின் குடி என்பது இம்மண்ணின் வழக்கு. ஒரு தாயின் வழிவந்தோரை ‘வயிற்றுவார்’ என்று அழைக்கும் வழக்கமும் இங்குண்டு. மகளுக்கே வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதால், தாயும் பெரியம்மாவும் அக்காமாரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்தனர். கன்னம் கறுத்தால், “எனக்கும் இப்படித்தான் இருந்தது, புள்ள” என்று சொல்ல வேலிக்கு அப்பால் ஒருத்தி இருந்தாள். எவரும் அவளுக்குத் தன்னம்பிக்கை பற்றி வகுப்பு எடுக்கவில்லை. அக்காவின் வயிறு பெருத்ததையும், பின்னர் அவள் பிள்ளையோடு நலமாக எழுந்து நடந்ததையும் கண்ணால் கண்டே தங்கை தைரியம் பெற்றாள்.

இடப்பெயர்வு இந்த வளவுகளைச் சிதறடித்தது. ஒரு மகள் முகாமில், மற்றவள் உறவினர் வீட்டில், தாய் இன்னோர் ஊரில் என்றாயிற்று. தறப்பாளின் கீழ் ஒரே அறை, பொதுக்கிணறு, பொது மலசலகூடம். உடைமாற்ற ஒரு மறைப்பு இல்லாத இடத்தில் வளர்கின்ற வயிறு எல்லார் கண்ணுக்கும் பொருளாகின்றது. “என்ன புள்ள, இப்படிக் கறுத்துப் போனாய்?”, “இரட்டைப் பிள்ளையோ?” என்ற பேச்சுக்கள் வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும் கேட்பவளுக்கு முள்ளாகின்றன. கல்வீடு கிடைத்து மீளக்குடியேறிய பின்னரும் அந்தப் பழைய அயல் எல்லாருக்கும் திரும்பக் கிடைப்பதில்லை.

“காணியும் விதைநெல்லும் இல்லாதபோது இதெல்லாம் பெரிய விடயமா?” என்று சிலர் கேட்கலாம். பெரிய விடயமே என்பது எமது கருத்து. வெட்கப்படுகின்ற பெண் கிளினிக்கில் பதிவதைப் பிற்போடுகின்றாள். வயிறு தெரியக்கூடாதென்றும், பிள்ளை பெருத்தால் பிரசவம் கடினமென்றும் எண்ணிச் சோற்றைக் குறைக்கின்றாள். கால் வீக்கத்தைச் சேலைக்குள் மறைக்கின்றாள். இதனால் தாயும் பிள்ளையும் பாதிக்கப்படுகின்றனர்.

எனவே உண்மையைத் தெளிவாகச் சொல்வோம். சராசரி எடையுள்ள பெண்ணொருத்தி கர்ப்பகாலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை எடை கூடவேண்டும் என்றும், மெலிந்தவள் 12.5 முதல் 18 கிலோ வரை கூடவேண்டும் என்றும் வைத்தியர்கள் கூறுகின்றனர். அது கொழுப்பு மட்டுமன்று. பிள்ளை, நச்சுக்கொடி, பன்னீர், மிகுதியாக ஊறும் இரத்தம் எல்லாம் சேர்ந்த நிறை. உடலில் ஓடும் இரத்தத்தின் அளவே ஏறத்தாழ அரைவாசி கூடுகின்றது. கன்னம் கறுப்பதும், தொப்புளுக்கு மேலும் கீழும் கருங்கோடு விழுவதும், மார்பு பெருத்து முலைக்காம்பு கறுப்பதும் உடலின் சுரப்புக்கள் மாறுவதால் வருபவை. பிரசவத்தின் பின் பெரும்பாலும் மங்கிவிடும். வயிற்றில் விழும் வரிகள் முற்றாக மறையாவிடினும் வெளிறிப்போகும். இவை நோயுமல்ல, கண்ணூறுமல்ல. விளைகின்ற கதிர் தலைசாய்வதை எந்த விவசாயியும் பயிரின் குறையென்று சொல்வதில்லை.

ஆனால் எல்லா மாற்றத்தையும் ‘இது வழமைதான்’ என்று விட்டுவிடவும் கூடாது. கடைசி மாதங்களில் மாலைவேளையில் பாதம் வீங்குவது பலருக்கும் நிகழ்வது. முகமும் கைகளும் திடீரென வீங்குதல், கடும் தலையிடி, கண் மங்குதல், இரத்தம் படுதல், பன்னீர் கசிதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். தன் உடலைப் பற்றி வெட்கமின்றிப் பேசப் பழகியவளே இவற்றை உரிய நேரத்தில் வாய்திறந்து சொல்வாள். உண்மையான தன்னம்பிக்கை அதுவே.

1930களில் இலங்கையில் 100,000 பிரசவங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 50க்கும் கீழே இறங்கியுள்ளது. வைத்தியசாலைகளோடு, வீடுவீடாகச் சென்று வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரத்த அழுத்தம் அளந்து, பெண்களோடு இருந்து பேசிய குடும்பநல மருத்துவமாதுக்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு. தாயும் அக்காவும் அருகில் இல்லாதவளுக்கு அவரே பெரியம்மாவாகின்றார்.

குருவானவர் ஒருவர் இதையெல்லாம் பேசலாமா என்று எண்ணுவோர்க்கு நற்செய்தியையே காட்டுகின்றோம். கருவுற்ற எலிசபெத்து ஐந்து மாதம் பிறர் கண்ணில் படாமல் இருந்தார் என்று லூக்கா எழுதுகின்றார். மரியாள் மலைநாட்டுக்கு விரைந்துசென்று அவரை வாழ்த்தினார். அப்போது எலிசபெத்து அந்த இளம்பெண்ணின் தோற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; அவரையும் அவர் வயிற்றின் கனியையும் ஆசீர்வதித்தார். மரியாள் மூன்று மாதமளவு அங்கே தங்கினார். இரு கர்ப்பிணிப் பெண்கள் ஒருவருக்கொருவர் தாய்வீடாயினர். இறைவனே ஒரு பெண்ணின் வயிற்றில் ஊன் உடல் எடுத்தார் என்று விசுவசிக்கின்ற நாம், அந்த வயிற்றைக் கேலிப்பொருளாக்க முடியுமா?

ஆகவே இழந்த தாய்வீட்டை நாமே திரும்பக் கட்டுவோம். இதற்குச் சீமெந்து வேண்டியதில்லை. முகாமிலும் குடியிருப்பிலும் குளிப்பிடத்தைச் சுற்றிக் கிடுகாலோ படங்காலோ மறைப்பு அமைப்பது இளைஞர்களின் ஒருநாள் சிரமதான வேலை. மாதர் சங்கங்கள் மாதம் ஒருமுறை கர்ப்பிணித் தாய்மாரையும் பிள்ளை பெற்ற மூத்தவர்களையும் ஒன்றாக இருத்தலாம், மருத்துவமாதுவையும் அழைக்கலாம். மாமிமாரே, மருமகளின் நிறத்தைப் பற்றிப் பேசுவதை விட்டு, அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். வாவி மீனும் முருங்கையிலையும் பயறும் முதலில் அவள் கோப்பைக்குப் போகட்டும். அவளுக்கென்று கொடுத்த திரிபோஷாவை அவளே உண்ணட்டும்.

கணவன்மாரே, உங்கள் மௌனத்தை அவள் வெறுப்பென்று எண்ணக்கூடும். கிளினிக்குக்கு அவளோடு கூடச் செல்லுங்கள். “நீ நல்லாத்தான் இருக்கிறாய்” என்ற ஒரு சொல்லுக்குச் செலவு எதுவுமில்லை. இழந்த காணிக்காக நாம் தொடர்ந்து குரல் கொடுப்போம். அந்தக் காணியை நாளை உழப்போகின்ற பிள்ளை இன்று அவள் வயிற்றில் வளர்கின்றது. அவளைத் தலைநிமிர்ந்து நடக்கச் செய்வது எம் எல்லாருடைய கடமையாகும்.