பவன் பாயிண்ட் எடுத்தார்... டைட்டன்ஸ் ஏன் தோற்றது?

கனகம்மாசத்திரம், திருத்தணி வட்டாரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. திருத்தணி 1960 வரைக்கும் ஆந்திராவில் இருந்த ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இடம். அதனால் ப்ரோ கபடி சீசன் வந்துவிட்டால் கட்சி கட்ட இரண்டு அணிகள் கைவசம்: தமிழ் தலைவாஸ், தெலுங்கு டைட்டன்ஸ்.

இந்த இரண்டு அணிகளுக்கும் பொதுவான ஒரு பெயர் பவன் ஷெராவத். கபடியில் பாயிண்ட் கணக்கை எப்படிப் பார்க்கக் கூடாது என்பதற்கு இவரை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

கதை இதுதான். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் பவனை 2.26 கோடி கொடுத்து எடுத்தது. அதுவரை யாருக்கும் தராத விலை. முதல் மேட்ச்சிலேயே முட்டியில் அடி. அந்த சீசன் முழுக்க பவன் வெளியே. "போச்சுடா, இந்த வருஷமும் கடைசி இடம்தான்" என்று எல்லாரும் முடிவு கட்டிய அதே அணி, தன் வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது!

அடுத்த வருஷம் தெலுங்கு டைட்டன்ஸ் பவனை 2.605 கோடிக்கு எடுத்தது. இந்த முறை அடி எதுவும் பெரிதாக இல்லை. பவன் 202 ரைடு பாயிண்ட் எடுத்தார். ஒரு சீசனில் 200-ஐத் தாண்டுவது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் டைட்டன்ஸ் 22 மேட்ச்சில் ஜெயித்தது இரண்டே இரண்டு. பட்டியலில் கடைசி இடம்.

பவன் இல்லாத அணி அரையிறுதியில். பவன் இருந்த அணி கடைசியில். அப்படியென்றால் பவன் மோசமான ஆட்டக்காரரா? சத்தியமாக இல்லை. 2018-19 சீசனில் பெங்களூரு புல்ஸ் கோப்பை வாங்கியபோது 271 ரைடு பாயிண்ட் எடுத்தவர் இதே பவன்தான். குஜராத்துக்கு எதிரான ஃபைனலில் மட்டும் 22 பாயிண்ட். ஆள் அதே ஆள்தான். மாறியது பக்கத்தில் நின்றவர்கள்.

இங்கேதான் கபடியின் விதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிரிக்கெட்டில் ஒருவர் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸில் அவர் கதை முடிந்தது. கபடியில் அப்படி இல்லை. பாடிப் போனவரைப் பிடித்துவிட்டால் வெளியே உட்கார வேண்டும். அவர் அணி எதிராளியை அவுட் ஆக்கினால்தான் திரும்ப உயிர் வரும். அதுவும் வரிசைப்படி. முதலில் வெளியே போனவர் முதலில் உள்ளே. நட்சத்திர ரைடர் மூன்றாவதாக வெளியே போயிருந்தால், முன்னால் போன இரண்டு பேருக்கு உயிர் வந்த பிறகுதான் அவருக்கு.

அதாவது, நட்சத்திர ரைடர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவரை உள்ளே கொண்டு வருவது யார்? இரண்டாவது ரைடரும், கார்னரிலும் கவரிலும் நின்று பிடிப்பவர்களும்தான். அவர்கள் சொதப்பினால் 2 கோடி ரூபாய் ஆள் பெஞ்ச்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவருடைய 202-இல் அவர்களுடைய பங்கும் இருக்கிறது. ஆனால் ஸ்கோர் ஷீட்டில் அதற்கென்று தனி கட்டம் கிடையாது.

பாட்னா பைரேட்ஸ் கணக்கை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

2017: பர்தீப் நர்வால் 369 ரைடு பாயிண்ட். ஒரே சீசனில் யாரும் இன்றுவரை இதைத் தொடவில்லை. எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது இந்த எண்தான். அதே அணியில் அதே சீசனில் மோனு கோயத் 191 எடுத்தார் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? வேறு எந்த அணியில் இருந்திருந்தாலும் மோனுதான் ஹீரோ. பாட்னாவுக்குக் கோப்பை.

2018: மோனுவை ஹரியானா ஸ்டீலர்ஸ் 1.51 கோடிக்கு எடுத்துக்கொண்டு போனது. பர்தீப் 233. பாட்னா பிளே-ஆஃப் போகவில்லை.

2019: பர்தீப் 302. முந்நூறைத் தாண்டியும் பிளே-ஆஃப் இல்லை.

2021-22: பர்தீப் 1.65 கோடிக்கு யூ.பி. யோதா அணிக்குப் போய்விட்டார். பாட்னாவில் அந்த அளவு பெரிய பெயர் யாரும் இல்லை. மோனு திரும்பி வந்தார், சச்சின், குமான் சிங், பிரசாந்த் ராய் என்று ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டார்கள். பின்னால் ஈரானிய வீரர் முகமத்ரேஸா பிடித்துப் பிடித்துத் தள்ளினார். லீக் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் தோற்கடித்தது யாரை? பர்தீப் இருந்த யூ.பி. யோதாவை! ஃபைனலில் டெல்லியிடம் ஒரே ஒரு பாயிண்டில் (36-37) கோப்பை கை நழுவியது.

தலைவாஸ் ரசிகர்களுக்கும் இது புதுசு இல்லை. முதல் இரண்டு சீசன்களில் அஜய் தாக்கூர் ஒற்றை ஆளாகப் பாடிப் பாடி இருநூறுக்கு மேல் எடுத்தார். இரண்டு முறையும் அணி தன் மண்டலத்தில் கடைசி.

இது கபடிக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுபவரை 'ரன்னிங் பேக்' என்பார்கள். ஒரே சீசனில் 2,000 கெஜத்துக்கு மேல் ஓடியவர்கள் 2024 வரை ஒன்பது பேர். அதே சீசனில் கோப்பையும் வாங்கியவர்கள் இரண்டே பேர்: 1998-இல் டெரல் டேவிஸ், 2024-இல் சேக்வான் பார்க்லி. 1997-இல் பேரி சாண்டர்ஸ் 2,053 கெஜம் ஓடினார். டெட்ராய்ட் அணி பிளே-ஆஃப் முதல் மேட்ச்சிலேயே மூட்டை கட்டியது. ஓடுபவருக்கு முன்னால் நின்று எதிராளியைத் தள்ளி வழி திறந்துவிடும் குண்டு மனிதர்களுக்கு ஓடிய கெஜக் கணக்கில் இடமே இல்லை.

"அப்படியானால் ஸ்டார் பிளேயரே வேண்டாமா?" என்று யாராவது பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம். :) வேண்டாம் என்று யார் சொன்னது? 2022-இல் பவன் போன பிறகு தலைவாஸை இழுத்துக்கொண்டு போன நரேந்தரும் 243 ரைடு பாயிண்ட் எடுத்தவர்தான். அறிமுக சீசனில் அவ்வளவு எடுத்தது பெரிய விஷயம். ஆனால் அவரோடு அஜிங்க்ய பவார் பாடினார். பின்னால் சாகர், சாஹில், மோஹித் பிடித்தார்கள். அதே வருஷம் கோப்பை வாங்கிய ஜெய்ப்பூரிலும் இதே கதை: அர்ஜுன் தேஷ்வால் 296 ரைடு பாயிண்ட், அங்குஷ் 89 டாக்கிள் பாயிண்ட். இரண்டு பட்டியலிலும் முதலிடம் ஒரே அணிக்கு. ஸ்டார் வேண்டும். ஸ்டார் மட்டும் போதாது.

இன்னொரு நியாயமும் உண்டு. பெரிய ரைடர் இருந்தால் எதிரணியின் திட்டம் முழுக்க அவரைச் சுற்றியே இருக்கும், மற்றவர்களுக்கு வேலை சுலபம். உண்மைதான். ஆனால் கிடைக்கிற அந்த சுலபத்தைப் பாயிண்டாக மாற்ற ஆள் வேண்டுமே? டைட்டன்ஸில் பவனுக்குப் பக்கத்தில்கூட இன்னொரு ரைடர் வரவில்லை.

எனவே ஒரு ரைடரைக் கூட்டாளிகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் மொத்த பாயிண்டை மட்டும் பார்ப்பது வெட்டி வேலை. அணியின் ரைடில் பாதியை ஒருவரே பாடினால் பாயிண்ட் சேரத்தான் செய்யும். பார்க்க வேண்டியது மூன்று. எத்தனை ரைடுக்கு எத்தனை பாயிண்ட்? சும்மா ஆறு பேர் நிற்கும்போது போனஸ் தொட்டதா, இரண்டு ரைடு காலியாகப் போய் மூன்றாவதில் வாழ்வா சாவா என்ற நிலையில் எடுத்ததா? அவர் வெளியே இருந்தபோது அணி எவ்வளவு சீக்கிரம் அவரை உள்ளே கொண்டு வந்தது?

இதெல்லாம் டிவி ரசிகர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று விட்டுவிட முடியாது. ஊர்ப் போட்டிகளில் கைதட்டல் முழுக்க ரைடருக்கு. அதனால் பையன்கள் எல்லாருக்கும் பாடப் போகத்தான் ஆசை. முட்டி தேய இடது கார்னரில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடிக்க எவனுக்கும் ஆசை இல்லை. கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டா, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீதம் என்று ஒரு ஏழைப் பையனின் வாழ்க்கை திசை மாறும் இடங்கள் எல்லாம் இந்த ஆட்டத்தை நம்பி இருக்கின்றன. தேர்வுக் குழுவின் கண்ணும் பாயிண்ட் எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டால், மோனு கோயத் மாதிரி ஒருவன் இரண்டாவது ரைடர் என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்குத் திரும்புவான்.

அடுத்த பொங்கல் போட்டிக்கு ஸ்கோர் எழுதுகிறவர்கள் ஒன்று செய்யலாம். நோட்டில் இன்னும் ஒரு கட்டம் போடுங்கள். யார் எடுத்த பாயிண்டில் யாருக்கு உயிர் வந்தது என்று எழுதுங்கள். ஒரு பேனா, ஒரு ஸ்கேல் போதும். போட்டி முடிந்ததும் கூட்டிப் பார்த்தால் 'சிறந்த ஆட்டக்காரர்' பரிசு வேறு ஒருவனுக்குப் போக வேண்டியது என்று தெரியவரலாம்.