சங்கிலி எங்கே தொடங்குகிறது?

 

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியற்காலை நேரம். தனியார் ஒருவர் நடத்தி வந்த மனநோயாளிகள் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. காரணம், அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் கருகிப் போயின.

நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக் கொண்டது. அங்கிருந்த காப்பகங்கள் இழுத்து மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்ட நோயாளிகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. காப்பகம் நடத்தியவர்களை எல்லோரும் ஏசினோம். ஏச வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்டுக் கொள்ளவில்லை. அத்தகைய இடங்களில் நோயாளிகளைக் கொண்டு போய் விட்டவர்கள் யார்?

பெரும்பாலும் பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும்தான். எல்லா மதத்தவரும் அதில் உண்டு. அவர்கள் பாசம் இல்லாதவர்களா? இல்லை. பார்த்துப் பார்த்துச் சலித்து, கையில் இருந்த காசையெல்லாம் தொலைத்து, ஊர் வாய்க்கு அஞ்சி, வேறு வழி தெரியாமல் வந்து நின்றவர்கள்.

தர்காவுக்குப் போவது சரியா, தவறா என்ற வாதத்தை இந்தத் தலையங்கத்தில் நாம் எடுக்கவில்லை. அதற்கு வேறு மேடைகள் உண்டு. நாம் சொல்ல வருவது இதுதான். அந்தச் சங்கிலி ஏர்வாடியில் தொடங்கவில்லை. நம் வீட்டு நடுக்கூடத்தில் தொடங்குகிறது. "வெளியில சொல்லாதே" என்று நாம் சொல்கிறோமே, அதுதான் அதன் முதல் கண்ணி.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்தேன். அந்தக் கண்ணியில் ஒன்றை நானும் மாட்டியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சவுதியிலிருந்து திரும்பி வந்திருந்த ஒரு சகோதரர் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். முப்பதைத் தாண்டிய வயது. "ஹஜ்ரத், ராத்திரி தூக்கமே வரல. நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. பிள்ளைங்க முகத்தைப் பார்த்தாலும் சந்தோஷம் வரல" என்றார். நான் உடனே, "அஞ்சு வேளையும் ஜமாஅத்தோட தொழுங்க. திக்ரை விடாதீங்க. எல்லாம் சரியாயிடும்" என்றேன். அவர் தலையைக் குனிந்து கொண்டே, "தொழுதுக்கிட்டுதான் இருக்கேன் ஹஜ்ரத்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் ஓதிக் கொடுத்து அனுப்பி விட்டேன்.

சில மாதங்கள் கழித்து, அவர் தன் உயிரைத் தானே போக்கிக் கொள்ள முயன்றார் என்று செய்தி வந்தது. அவருடைய மனைவி கண்ட நேரம் நல்ல நேரம். அல்லாஹ் காப்பாற்றினான். அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டர் அவரிடம், "இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்க்காமல், "ஹஜ்ரத்கிட்ட சொன்னேன்" என்றார்.

சகோதரர்களே! நூற்றுக்கணக்கான ஜும்ஆ மேடைகளில் நான் கேட்காத பயானை அந்த ஒரு சொல்லில் கேட்டேன். அவர் மருந்து சாப்பிட்டார். மனநல டாக்டரிடம் மாதா மாதம் போனார். இன்று கடை வைத்திருக்கிறார். தொழவும் செய்கிறார், சிரிக்கவும் செய்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

நான் செய்த தவறு என்ன? தொழச் சொன்னது தவறல்ல. நோயாளியை நோயாளி என்று அறியாமல், ஈமான் குறைந்தவர் என்று எண்ணியதுதான் தவறு. சர்க்கரை நோய்க்காரரிடம் "தொழுதால் போதும், மாத்திரை வேண்டாம்" என்று நாம் சொல்வோமா? கால் எலும்பு முறிந்தவரிடம் "பொறுமையாக இரு, கூடிவிடும்" என்று சொல்லிப் போவோமா?

கவலைப்படுவது ஈமானுக்குக் குறைவு என்றால், மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதே, அது என்ன? அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே நம் வரலாறு குறிக்கிறதே! அருமை மகன் இப்ராஹீம் மடியில் உயிர் விட்டபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்களே! அழுதவர்கள் யார்? நபிமார்கள். ஒருவர் அழுதால் "ஆம்பளை அழலாமா?" என்று கேட்க நாம் யார்?

எல்லாக் கவலையும் நோயல்ல. மவ்த் நடந்த வீட்டில் அழுகை இருக்கும். கடன்காரன் வாசலில் நின்றால் தூக்கம் போகும். ஆறுதலும் துணையும் கிடைத்தால், நாளாக நாளாக அது தணியும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நேரமும் மனம் இருண்டே கிடந்தால், பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், வேலை ஓடாமல், "நான் யாருக்கும் பாரம்" என்ற எண்ணம் வந்தால், அது நோய். மருத்துவம் உள்ள நோய்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்து, கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற பேரறிஞர், உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒன்றாக வைத்து 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலை எழுதினார். காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாமல் வரும் துக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டாவது வகை உடலிலிருந்தே எழுகிறது, அதற்கு உடலுக்கான மருத்துவமும் வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்! டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீனும், கெய்ரோவில் 1284இல் மன்னர் கலாவூனும் கட்டிய மருத்துவமனைகளில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அக்கால மருத்துவமனைகளிலும் கட்டி வைக்கப்பட்டவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் மருத்துவர் இருந்தார். நம் சங்கிலிக்குப் பக்கத்தில் யார் இருந்தார்?

இன்று நம் மஹல்லாக்களில் நடப்பது என்ன? பிள்ளை பெற்ற பெண் வாரக்கணக்கில் அழுது கொண்டிருந்தால், "பேறுகாலத்துல காத்துக் கருப்பு பட்டிருக்கு" என்று தாயத்து கட்டுகிறோம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு உலகெங்கும் பெண்களுக்கு வரும் நோய் என்பது நமக்குத் தெரியவில்லை. படிக்கும் பையன் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றால், "ஜின் பிடித்திருக்கிறது" என்று தகடு எழுதுபவனிடம் ஓடுகிறோம். ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. அதைவிடப் பெரிய நட்டம், காலம் போகிறது. இந்த நோயில் தொடக்கத்திலேயே மருத்துவம் பார்ப்பவர்கள் தேறும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு கொடுமை. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்று நோயை மறைத்து நிக்காஹ் செய்து வைக்கிறோம். அது மருத்துவமா? இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வை மருந்தாக அரைத்துக் கொடுப்பது எந்த தர்மம்?

சபுராளிகளின் வீடுகளையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் கணவன். அங்கே அறைக்கு எட்டுப் பேர், இங்கே தனிக் கட்டிலில் மனைவி. ராத்திரி போனில் பேசுவதெல்லாம் பணக் கணக்கு. "சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதாது சகோதரர்களே! "தூங்கினியா? மனசு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது இடையில் புத்தி சொல்லாதீர்கள். காது கொடுங்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று வெளிப்படையாகக் கேட்கவும் அஞ்ச வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று நெஞ்சு லேசாகும்.

மனம் நலமாக இருக்க அன்றாடம் செய்ய வேண்டியவை எளியவைதான். நேரத்துக்குத் தூக்கம். இரவில் கைபேசியைத் தலைமாட்டில் வைக்காதிருத்தல். தினம் அரை மணி நேர நடை. மனம் விட்டுப் பேச ஒரு நண்பர். தொழுகை நிம்மதி தரும், சந்தேகமில்லை. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். மருத்துவம் என்பது ஒட்டகத்தைக் கட்டுவது.

சரி, எங்கே போவது? மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 'டெலி மானஸ்' என்ற அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஒரு எச்சரிக்கை: மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். "நாலு நாள் சாப்பிட்டேன், கேட்கல" என்றும், "சரியாயிடுச்சே" என்றும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் கூட மனச்சோர்வு போலக் காட்டும். அதையும் சோதித்துக் கொள்ளுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எவ்விதத்திலும் தடை செய்கிறது. உயிர் விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. ஆகவே போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

ஆலிம் பெருமக்களே! ஜமாஅத் நிர்வாகிகளே! மக்கள் முதலில் வருவது நம்மிடம்தான். குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில், துஆவுக்கு வருகிறவர்களை முஜாவர்களே மனநல டாக்டரிடம் அனுப்பும் ஏற்பாடு நடந்திருக்கிறது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள். கூடவே, "நாளைக்குக் காலையில் நானே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்" என்றும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை அன்று நான் சொல்லவில்லை.

நாம் வேண்டுவது பெரிதல்ல. ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவாவது இந்தப் பொருளில் பேசுங்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 14416 என்று எழுதி வையுங்கள். பைத்துல்மாலில் மருந்து வாங்க முடியாத ஒரு மனநோயாளிக்கு இடம் கொடுங்கள். நோயாளி உள்ள வீட்டுக்கு ஒரு தட்டுச் சோற்றோடு போய் உட்கார்ந்து பேசுங்கள். "பைத்தியக்கார வீடு" என்ற சொல்லை நம் தெருவிலிருந்து விரட்டுங்கள்.

வாசகரே! இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக யார் பேச்சைக் குறைத்துக் கொண்டார் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு முகம் நினைவுக்கு வந்தால், இன்றே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

உள்ளங்களின் உரிமையாளனான அல்லாஹ், நோயுற்ற உள்ளங்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைச் சுற்றியுள்ள நமக்கு இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.