1 நிமிடம் 53 விநாடியில் ஒரு சுற்று: இந்தச் சிறுகோள் ஏன் சிதறவில்லை?

ஈப்போவில் டிராஃபிக் லைட் பச்சைக்கு மாற நீங்கள் காத்திருக்கும் நேரம்தான். அதற்குள் சுமார் 710 மீட்டர் அகலமுள்ள ஒரு பாறை தன்னைத்தானே ஒரு முறை சுற்றி முடித்துவிடுகிறது.

அதன் பெயர் 2025 எம்என்45. சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகத்தின் தொடக்கப் படங்களில் சிக்கியது; 2026 ஜனவரியில் அறிவித்தார்கள். 500 மீட்டரைத் தாண்டிய சிறுகோள்களில் அப்போது தெரிந்தவரை இதுதான் அதிவேகம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில் சூரியனைச் சுற்றுகிறது. "பூமிக்கு ஆபத்து" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழிச்சிடுங்க.

அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு?

பல சிறுகோள்கள் ஒரே கல் அல்ல. மோதலில் உடைந்த கற்கள் ஈர்ப்பால் மறுபடி சேர்ந்த குவியல்கள். பத்துகாஜா பக்கம் பழைய ஈயலம்பத்து மணல்மேடு பார்த்திருப்பீங்களே, அது மாதிரி. அப்படிப்பட்ட குவியல் 2.2 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கும் வேகத்தில் சுழன்றால் சிதறிவிடும். எம்என்45இன் விளிம்போ மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் ஓடுகிறது. அப்படியும் உடையவில்லை என்றால், அது குனோங் ராப்பாட் குன்று போல இறுகிய பாறையாகத்தான் இருக்கணும்.

இது வெறும் ஆர்வத்துக்காகத் தெரிந்துகொள்வது அல்ல. 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் டிமோர்ஃபோஸ் மீது மோதியபோது, தெறித்த கற்களே அதைக் கூடுதலாகத் தள்ளின. இறுகிய பாறையில் அதே உதை அப்படி வேலை செய்யாது. என்றாவது ஒன்றைத் திசைதிருப்ப வேண்டி வந்தால், குவியலா கல்லா என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

சுழற்சியை அளப்பது எளிது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு பப்பாளியைச் சுற்றிப் பாருங்க: அகலப் பக்கம் திரும்பினால் பளிச், முனை திரும்பினால் மங்கல். ஒரு சுற்றில் இப்படி இரண்டு முறை.

நீங்களே முயல ஒன்று இருக்கிறது. நம் முன்னோர் பலர் கப்பலேறிய அதே மெட்ராஸில், 1866 மே 16 அன்று, நார்மன் போக்சன் கண்டுபிடித்த சில்வியா. சூரியனைச் சுற்ற ஆறரை ஆண்டு, தன்னைச் சுற்ற 5 மணி 11 நிமிடம். இரண்டு குட்டி நிலவுகள் வேறு! அது இரவு முழுக்கத் தெரியும் மாதங்களில், ஓரளவு நல்ல தொலைநோக்கியும் கேமராவும் போதும். ஈப்போ வெளிச்சத்தை விட்டு, சுங்கை சிப்புட் பக்கம் முன்பு பால்மரம் நின்ற இடங்களுக்குப் போனால் இருட்டும் கிடைக்கும். இரவு 9 மணிக்கு ஆரம்பித்தால் 2.11க்கு ஒரு சுற்று முடியும், மழை மேகம் விட்டால்.