பயணத் துணை: கரைக்கும் கப்பலுக்கும் இடையே

கடற்பயணம் என்பது நம் முன்னோருக்குப் பிழைப்பின் வழி. நமக்கோ அது ஓய்வின் வழியாகவும் ஆகியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது, தமிழக முதலமைச்சர் அதனைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அதே கப்பல் இலங்கைத் துறைகளுக்கும் சென்றது. தென்மேற்குப் பருவக்காற்றினால் அரபிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மேற்குக் கரையை விட்டுக் கிழக்குக் கரைக்கு வந்து உலாவுவது அக்கப்பல் நிறுவனத்தாரின் ஏற்பாடு. அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆசை மட்டும் மாறுவதில்லை.

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பத்தார் சிலர் இப்பயணம் பற்றி நம்மிடம் விசாரிக்கின்றனர். கப்பலில் நம் சாப்பாடு கிடைக்குமா, வயிற்றைப் புரட்டுமா, குழந்தைகளுக்கு அரைக் கட்டணமா என்றெல்லாம் கேட்கின்றனர். ஆனால், வீட்டு வாசலிலிருந்து துறைமுக வாயில் வரை எவ்வாறு போய்ச் சேர்வது என்பதை எவரும் கேட்பதில்லை. “அது என்ன பெரிய காரியம்? நள்ளிரவில் ஒரு வண்டி பிடித்தால் விடியுமுன் சென்னை” என்று சொல்லி விடுகின்றனர். அந்த நள்ளிரவு வண்டியைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறோம்.

முதலில் பழைய ஏற்பாடு ஒன்றை நினைவூட்டுவோம். 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ‘போட் மெயில்’ ஓடிற்று. புகைவண்டி போய்ச் சேரும் நேரத்துக்கு அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு மீண்டும் புகைவண்டி. நிலமும் நீரும் ஒரே சீட்டில் முடிச்சிடப்பட்டிருந்தன. வண்டி தாமதித்தால் கப்பல்காரருக்கு அது தெரியும். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தனுஷ்கோடி வழியான அந்த ஏற்பாடும் அதனோடு முடிந்தது.

மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குச் சென்றவர்களுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அமைந்த முகாம்களில் அவர்களைச் சில நாள் தங்க வைத்த பிறகே கப்பலேற்றினர். மருத்துவச் சோதனைக்காகவும் கணக்கெடுப்புக்காகவும் செய்த காரியம் அது. அங்கே சுகம் இருந்திருக்காது. ஆயினும் கப்பல் புறப்படும் நாளன்று எவரும் ஊரிலிருந்து ஓடிவர வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் ‘ரஜூலா’விலும் ‘சிதம்பர’த்திலும் சிங்கப்பூர் சென்றவர்களில் பலர் முதல் நாளே சென்னைக்கு வந்து, உறவினர் வீட்டுத் திண்ணையிலாவது படுத்திருந்து கப்பலேறினர்.

இன்று அந்த முடிச்சைப் போடுவார் இல்லை. கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு துறைமுக வாயிலில் தொடங்குகிறது. வண்டிக்காரரின் பொறுப்பு அவ்வாயிலோடு முடிகிறது. இடையில் நேரும் தாமதம் முழுவதும் பயணியின் தலையிலேயே விழும். மறு வண்டி உண்டு என்று ஆறுதல் அடைய இது பேருந்து நிலையம் அன்று. வாயில் அடைத்த பின் வந்து சேர்ந்தால், மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் பெற்றோரின் ஆசையும் கரையிலேயே நின்றுவிடும்.

ஆகவே, கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். சீட்டில் கப்பல் புறப்படும் நேரம் ஒன்றும், பயணிகளை ஏற்பது முடியும் நேரம் ஒன்றும் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அது பிற்பகல் மூன்று மணி என்று வைத்துக்கொள்வோம். முதியோரும் பெட்டிகளும் உள்ள குடும்பம் ஒரு மணிக்கே வாயிலில் நிற்பது நலம். திருப்பதியிலிருந்து சென்னை சாலை வழியே ஏறக்குறைய 140 கிலோமீட்டர். சித்தூரிலிருந்து ஏறக்குறைய 155. சாலைக்கு நான்கு மணி நேரமும், நகருக்குள் கடந்து செல்ல ஒரு மணி நேரமும், சக்கரம் பழுதுபட்டாலும் சாலை மறிக்கப்பட்டாலும் தாங்குவதற்கு இரண்டு மணி நேரமும் ஒதுக்கினால், காலை ஆறு மணிக்கு வண்டி புறப்பட்டிருக்க வேண்டும். பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேரும் பயணம் இது. எனினும், நாம் கூறும் முதல் யோசனை அதுவும் அன்று. முதல் நாளே சென்று சென்னையில் இரவு தங்குவதே முதல் யோசனை.

திருப்பதி அன்பர்களுக்குப் புகைவண்டி வசதி உண்டு. காலையில் கருடாத்ரியும் மாலையில் சப்தகிரியும் திருப்பதியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குச் செல்கின்றன. இருப்புப் பாதையில் தூரம் 147 கிலோமீட்டர். ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் வழியாகச் செல்லும் அவ்வண்டியில் முதியோர் எழுந்து நடமாடலாம், கழிவறை உண்டு, ஓட்டுநருக்குத் தூக்கம் வருமோ என்ற கவலை இல்லை. சென்ட்ரலிலிருந்து துறைமுகம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவே. பெட்டி படுக்கை குறைவாக உள்ள இளைஞர்கள் மெட்ரோவில் ஏறி அடுத்த நிலையமான உயர்நீதிமன்றத்தில் இறங்கலாம். மற்றவர்களுக்கு ஆட்டோ போதும்.

சித்தூர் அன்பர்கள் கிறிஸ்டியான்பேட்டை வழியே காட்பாடிக்குச் செல்வது எளிது. அது ஏறக்குறைய 35 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்குப் பல வண்டிகள் உள்ளமையால், ஒன்று தவறினாலும் மற்றொன்று கிடைக்கும். திருப்பதியிலிருந்து பேருந்தில் செல்வோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு முதல் ஆந்திர வழித்தடப் பேருந்துகளுக்கென மாதவரத்தில் நிலையம் ஏற்பட்டுள்ளது. அங்கிருந்து துறைமுகத்துக்கு நகரின் வடபகுதியைக் கடந்து வர வேண்டும். அதற்குரிய நேரத்தைத் தனியே ஒதுக்குக.

இனி, வாடகை வண்டியைப் பற்றிக் கூறுவோம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் அமர்த்துவது சிக்கனமே. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் எண்பலகை மஞ்சள் நிறமா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்கெனப் பதிவான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுப்பதற்கும் அது இடங்கொடுக்கும். தமிழ்நாட்டுக்குள் செல்ல அனுமதிச் சீட்டும் வரிச் சீட்டும் உள்ளனவா என்று முன்கூட்டியே கேளுங்கள். திருத்தணி ஒருகாலத்தில் நம் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்தான் அது தமிழகத்தோடு இணைந்தது. நமக்கு உறவு முறையில் எல்லை இல்லாதிருக்கலாம். பொன்பாடிச் சாவடியில் நிற்கும் அதிகாரிக்கு எல்லை உண்டு. அங்கே சீட்டுத் தேடி நிற்கும் அரை மணி நேரம், துறைமுக வாயிலில் குறையும் அரை மணி நேரமாகும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஓட்டுநரின் தூக்கம். திருப்பதியில் வாடகை வண்டி ஓட்டுபவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு மலைமீது போவார். பகலில் திருச்சானூர், காளஹஸ்தி என்று சுற்றுவார். இரவில் கடைசிப் புகைவண்டிக்கு ஆள் கொண்டுபோய் விடுவார். அதன் பின் நாம் அவரை அழைத்து, “இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும்” என்கிறோம். வறுமையினால் அவர் மறுப்பதில்லை. சிக்கனத்தினால் நாமும் கேட்பதில்லை. பின் இருக்கையில் குழந்தைகள் உறங்க, அவர்களுக்கு முன்னே அமர்ந்தவரும் உறங்கினால் என்ன ஆகும் என்பதை விரித்து எழுத நமக்கு மனம் வரவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருக்கும் லாரியின் பின்விளக்கு கண்ணயர்ந்தவருக்குத் தெரியாது.

1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்றும் வரையறுத்தது. சொந்தமாக ஒரு வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு அத்தகைய வரையறையை யார் காத்துத் தருவது? வண்டியை அமர்த்தும் நாமே காத்துத் தர வேண்டும். “நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், அண்ணா?” என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை, அக்கறையே உள்ளது. முதல் நாள் மாலை வேலையை அவர் விட்டுவிட வேண்டியிருந்தால், அதற்குரிய தொகையைக் கூட்டிக் கொடுங்கள். சென்னையில் இறக்கிவிட்ட பின் சாப்பிட்டு உறங்கித் திரும்புமாறு சொல்லி, அதற்கும் கொடுங்கள். நம் உயிருக்கு நாம் கொடுக்கும் மிகக் குறைந்த காப்புறுதித் தவணை அதுதான்.

நாளையும் பருவத்தையும் பார்ப்பது மூடநம்பிக்கை அன்று. கப்பல் வரும் மாதங்களிலேயே ஆடிக் கிருத்திகையும் வருகிறது. அந்நாட்களில் திருத்தணிச் சாலை முழுதும் காவடிகளாயிருக்கும். புகைவண்டியில் கால் வைக்க இடமிராது. புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் பிரம்மோற்சவத்திலும் திருப்பதியின் நிலை நாம் அறிந்ததே. மழைக்காலத்தைப் பற்றியோ கூறவே வேண்டாம். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் புகுந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னைப் புகைவண்டிகள் பல நிறுத்தப்பட்டதையும் எவரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாட்களில் சீட்டு வாங்கியவர், ஒரு நாளன்று, இரண்டு நாள் முன்னதாகப் புறப்படுவதும் மிகையாகாது.

சென்னைக்குள் நுழைந்த பின்னும் ஒரு தடுமாற்றம் நேரலாம். ஓட்டுநரிடம் ‘போர்ட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எண்ணூரில் காமராசர் துறைமுகம் இருக்கிறது. அதற்கு அப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. காசிமேட்டில் மீன்பிடி துறைமுகம் இருக்கிறது. சரக்கு ஏற்றிப் பழகியவர் வண்டியை நேரே வடக்கு நோக்கி விட்டுவிடக்கூடும். ராஜாஜி சாலை, கடற்கரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே உள்ள சென்னைத் துறைமுகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எந்த எண்ணுள்ள வாயில், வண்டியை உள்ளே விடுவார்களா, வாயிலிலிருந்து கப்பல் வரை நடக்க இயலாதவர்க்குச் சக்கர நாற்காலி உண்டா என்பவற்றைக் கப்பல் நிறுவனத்தாரிடம் முன்னரே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடையாளச் சீட்டைப் பற்றியும் நம்மவர்க்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழ் முறையில் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாக முன்னே நிற்கும். ஆந்திர முறையில் குடும்பப் பெயர் முழுமையாக முன்னே நிற்கும். இங்கே பிறந்து இங்கே படித்த நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயருமாக அமைந்து விடுவதுண்டு. அடையாளச் சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கப்பல் சீட்டிலும் பெயர் எழுதுவியுங்கள். இலங்கைத் துறைகளைத் தொடும் பயணமாயின் கடவுச்சீட்டும் அந்நாட்டு நுழைவு அனுமதியும் வேண்டும். அச்சீட்டுகளும், முதியோரின் மருந்துகளும், ஒருவேளை உடுப்பும் பெரிய பெட்டிக்குள் போகாமல் கைப்பையிலேயே இருக்கட்டும்.

திரும்பும் நாளிலும் அவசரம் ஆகாது. கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் பயணிகள் எல்லோரும் இறங்கி, பெட்டிகளைப் பெற்று, வாயிலுக்கு வர நேரமாகும். முற்பகல் வண்டிக்குச் சீட்டு வாங்கிவிட்டுப் பதறுவதைவிட, மாலைக் கருடாத்ரிக்கு வாங்கிவிட்டு உறவினர் வீட்டில் ஒருவேளை உண்டு வருவது மேல். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியோர் சொன்னது இத்தகைய வேளைகளுக்காகத்தான்.

ஒரே கப்பலில் செல்லவிருக்கும் குடும்பங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளலாம். வண்டியையும் சென்னையில் தங்கும் அறையையும் பங்கிட்டுக்கொள்ளலாம். அப்படிச் சேர்ந்தால், முதல் நாளே புறப்படுவதால் ஏறும் செலவு பலர் கையில் பகிர்ந்து குறைந்துவிடும். முன்னாளில் புகைவண்டிக்காரரும் கப்பல்காரரும் சேர்ந்து போட்ட முடிச்சை இந்நாளில் நாமே போட வேண்டியிருக்கிறது. அயலூரில் வாழும் நமக்கு ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்வது பழகிய வித்தைதானே! கடலின் அலையை நாம் தடுக்க இயலாது. கரையில் நம் குடும்பம் பத்திரமாக வந்து நிற்பது நம் கையில் உள்ளது. அன்பர்கள் அனைவரும் சுகமாய்ச் சென்று சுகமாய் மீள்வார்களாக!