மரத்தைச் சொல்லும் பட்டா

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கை பட்டாணி தொடங்கிப் பாடாங் செராய், லூனாஸ் வழியாகக் கூலிம் வரையில் பரந்துள்ள தோட்ட நிலங்களின் பட்டாக்களை, நம் ஜனங்கள் கிராண்டு என்று வழங்கும் அந்தக் காகிதங்களை, தொழில் நிமித்தம் புரட்டுகிறவர்களுக்கு அவற்றின் முகப்பு மனப்பாடமாகவே இருக்கும். மாவட்டம், முக்கிம், லாட் எண், விஸ்தீரணம் ஆகியவற்றுக்குக் கீழே நிலத்தின் வகை விவசாயம் என்றும், அதற்குரிய நிபந்தனை ரப்பர் பயிரிடுதல் என்றும் கண்டிருக்கும். எந்த மரம் அங்கே நிற்கவேண்டும் என்பதை இவ்வளவு கண்டிப்பாக விதிக்கிற சாசனம், அந்த மரத்தை நட்டுக் களையெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்கள் எங்கே குடியிருக்கலாம் என்பதைப் பற்றி ஓர் எழுத்தும் சொல்வதில்லை. அதனுடன் இணைத்த வரைபடத்திலும் எல்லைக்கல் உண்டு, ஓடை உண்டு, சாலைக்கு விட்ட ஒதுக்கம் உண்டு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைத் தேடினால் கிடைக்காது, மாரியம்மன் கோயிலும் இடுகாடும் கிடைக்கா.

நில உரிமை இந்த நாட்டில் எப்போதும் இப்படிக் காகிதத்தில் மட்டும் குடியிருந்த வஸ்துவன்று. மலாய் மக்களின் பூர்வ வழக்கப்படி, காட்டைத் திருத்திப் பயிரிட்டவனுக்கே அந்த நிலத்தில் அனுபோக பாத்தியதை பிறந்தது. பயிரின் அடையாளம் இருக்கும்வரை அது உயிருள்ள நிலமாகவும், கைவிடப்பட்டுக் காடு மூடியபின் மறுபடி எவரும் திருத்தக்கூடிய செத்த நிலமாகவும் கருதப்பட்டது. 1870ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களின் நீதிமன்றத்தில் சஹ்ரிப் தொடுத்த வழக்கில் நீதிபதி சர் பென்சன் மாக்ஸ்வெல், மலாக்காவில் காட்டைத் திருத்தியவன் விளைச்சலில் பத்தில் ஒன்றை ஆள்வோருக்குச் செலுத்துமளவும் அவனை அகற்ற இயலாது என்ற இவ்வழக்கத்தைச் சட்டமாகவே ஒப்புக்கொண்டார். கெடாவிலும் சுல்தான் அப்துல் ஹமீதின் நெடிய ஆட்சியில், முதன்மந்திரி வான் முகம்மது சாமான் அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை வெட்டுவித்த வாய்க்காலின் இரு கரைகளிலும் சதுப்பு வயலாக மாறிய காலத்தில், சூராட் புத்துஸ் எனப்பட்ட சாசனங்கள் இத்தகைய அனுபோகத்துக்கே எழுத்து வடிவம் தந்தன. ஆனால் வழக்கத்தைப் பொற்காலமாக வருணிக்கும் மயக்கம் நமக்கு வேண்டாம். அதே குடியானவன் அரண்மனைக்கும் அதிகாரிகளுக்கும் கூலியின்றி கெராஹ் ஊழியம் செய்யக் கடமைப்பட்டவனாக இருந்தான் என்பதையும் சரித்திரம் சொல்கிறது.

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் ஆலோசகரின் நிழலுக்கு வந்தபோது, தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858இல் தொடங்கிய பதிவுமுறை மலாய் மாநிலங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பதிவேட்டில் எவன் பெயரோ அவனே உடையவன். அவன் எப்படி அடைந்தான் என்று பின்னோக்கித் தோண்டவேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கலுக்கு இதைவிடச் சௌகரியமான முறை இல்லை என்பதை நம் துறையினர் எவரும் மறுக்கமாட்டார்கள். 1966 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த தேசிய நிலச் சட்டம் அதன் முடிவான வடிவம்: 340ஆம் பிரிவு பதிவுற்ற உரிமையை அசைக்கவொண்ணாததாக்குகிறது, 341ஆம் பிரிவும் 48ஆம் பிரிவும் எத்தனை ஆண்டுக் காலம் ஒருவன் அனுபவித்தாலும் அந்த அனுபவம் பட்டாதாரருக்கோ மாநில அரசுக்கோ எதிராக உரிமையாகாது என்று கதவைச் சாத்துகின்றன. காட்டைத் திருத்தியவர்கள் மறுபடியும் நீதிமன்றப் படியேறினார்கள். 1982இல் பேராக் மாநில அரசுக்கு எதிராக சீடேக் முதலானோர் தொடுத்த வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் புறம்போக்குவாசிக்குச் சட்டத்திலும் உரிமையில்லை, நியாய தர்மத்திலும் உரிமையில்லை என்று தீர்த்தது. 1870க்கும் 1982க்கும் இடையில் மண்வெட்டி மாறவில்லை.

இவ்விரு யுகங்களின் சந்தியில் வந்து சேர்ந்தவர்கள் நம் தோட்டத் தமிழர்கள். கங்காணிமாரின் கையோலையை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய அவர்கள், கெடாவின் அடர்ந்த காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த உழைப்பு வழக்கத்தின் கணக்கிலும் சேரவில்லை, பதிவேட்டின் கணக்கிலும் சேரவில்லை. தனக்கென்று திருத்தியவனுக்கே வழக்கம் பாத்தியதை தந்தது. கூலிக்குத் திருத்தியவனுடைய உழைப்பு, கூலி கைக்கு வந்த அன்றே தீர்ந்துவிட்டதாக எண்ணப்பட்டது. மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு தோட்டமிட ஒதுக்கவேண்டுமென்று விதித்தது நல்லெண்ணமே. லயத்தின் பின்புறத்து முருங்கையும் கறிவேப்பிலையும் மாட்டுக் கொட்டகையும் அத்தகைய சலுகையின் கனிகள். ஆனால் அது வேலையோடு வந்து வேலையோடு போகிற சலுகை. பால் வெட்டுக் கத்தியைக் கீழே வைத்த மறுநாள் முருங்கையும் துரையுடையது.

ஏனையோர் நிலைமை பால் பாயசமாக இருந்தது என்றும் கொள்ளவேண்டாம். 1930களின் மலாய் ஒதுக்கீட்டுச் சட்டம் கிராமத்து வயல் கடனுக்காகக் கைமாறிப்போவதைத் தடுக்கப் பிறந்தது. அந்தக் கடன் கொடுத்தவர்களுள் நம் செட்டியார்களும் உண்டு என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. 1970இல் முடா, பெடு அணைகளின் நீர் பாய்ந்து இருபோகம் விளைந்தபோது, குத்தகைக்காரனுக்குக் காப்பளிக்க வேண்டிய 1967ஆம் ஆண்டு நெற்பயிர்க் குத்தகைச் சட்டம் ஏட்டளவில் நின்றது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை முடா சமவெளியின் கிராமமொன்றில் தங்கி எழுதிய நூல், அறுவடை இயந்திரமும் முன்பணக் குத்தகையும் ஏழைக் குடியானவனை வரப்போரம் தள்ளிய விதத்தை விவரமாகக் காட்டுகிறது. நிலம் எடுக்கும் சட்டத்தை, பொருளாதார வளர்ச்சிக்கு உகந்தது என்ற பெயரில் தனியார் காரியத்துக்கும் நிலம் எடுக்கலாம் என்று 1991இல் திருத்தியபின், கெடாவின் கெர்ப்பான் நெல்வயல்கள் இறால் பண்ணைக்காக எடுக்கப்பட்டன. எதிர்த்து நின்றவர்கள் பரம்பரை மலாய் விவசாயிகள். பட்டா இருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: பட்டா இருந்தவரோடு நஷ்ட ஈட்டைப் பற்றி வழக்காடியாவது தீரவேண்டியிருந்தது.

தோட்டத் தமிழரின் நில சரித்திரத்தில், அவர்களே முனைந்து செய்த சீர்திருத்தம் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். அதன் முதற்படி கெடாவில் அமைந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக் கையைக் கழுவிக்கொள்ள, வாங்கியவர்கள் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி மறுவிலைக்கு விற்றார்கள். துண்டாடல் என்ற அந்தச் சொல்லைக் கேட்டாலே லயத்தில் அடுப்பெரியாது என்ற நிலை. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை அரசுக்காக ஆராய்ந்து அறிக்கையளித்தவர் பொருளியல் பேராசிரியர் உங்கு அசீஸ். அந்த ஆய்வின் ஏடுகள் வெளிவருமுன்பே, அப்போது மந்திரியாயிருந்த வீ. தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகச் சென்று பிரட்டுக்களத்தில் கூடிய ஜனங்களிடம் மாதம் 10 வெள்ளி கேட்டு, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தார். அடுத்த ஆண்டு அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து வாங்கிய முதல் தோட்டம், கெடாவின் புக்கிட் சீடிம். நாட்கூலி மூன்று வெள்ளியைச் சுற்றியிருந்த காலத்தில் மாதத்துக்குப் பத்து வெள்ளி என்பது அரிசிப் பானையிலிருந்து எடுத்த பணம். சீர்திருத்த நூல்கள் பேசுகிற நிலவுச்சவரம்பும் பறிமுதலும் இன்றி, உழைப்பவர்கள் சந்தை விலை கொடுத்துத் தங்கள் காலடி மண்ணையே வாங்கிய அந்நிகழ்ச்சி ஆசியாவின் நிலச் சீர்திருத்த வரலாற்றில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்பது எமது அபிப்பிராயம்.

அதே மூச்சில் அதன் எல்லையையும் சொல்லியாகவேண்டும். புக்கிட் சீடிமின் பட்டாவில் ஏறிய பெயர் சங்கத்தின் பெயர். தொழிலாளியின் பெயர் சங்கத்தின் பங்குப் பதிவேட்டில் ஏறியது. வேலை காப்பாற்றப்பட்டது, தோட்டம் முழுமையாக நின்றது. ஆனால் குடியிருந்த வீடும் அதன் பின்புறத்து நிலமும் எவருடைய பெயரிலும் தனியாகப் பிரியவில்லை. அன்று துண்டாடலே சத்துருவாயிருந்தபடியால், துண்டு என்றாலே அச்சம் பிறந்தது இயல்புதான். வியாபாரி போடும் துண்டையும் குடிசை நிற்கும் துண்டையும் பிரித்துப் பார்க்க அந்த நெருக்கடியில் அவகாசமில்லை.

துண்டாடலின் எதிரொலியாகத் தேசிய நிலச் சட்டத்தில் பிற்பாடு சேர்ந்த 214A பிரிவு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் சம்மதம் வேண்டும் என்கிறது. நன்று. ஆனால் நம் காலத்து ஆபத்து கைமாற்றத்தின் வழியாக வருவது குறைவு. நிலம் பழைய கம்பெனியின் பெயரிலேயே இருக்க, கம்பெனியின் பங்குகள் மாறுகின்றன. அல்லது அதே உடைமையாளர் 124ஆம் பிரிவின்கீழ் மனுப்போட்டு, விவசாய வகையைக் கட்டட வகையாகவோ தொழில் வகையாகவோ மாற்றிக்கொள்கிறார். 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின், அக்கம்பக்கத்து ரப்பர் மரத்தைவிட அது நிற்கும் மண்ணின் விலை எத்தனை மடங்கு என்பதைக் கணக்கிடத் தெரியாத முதலாளி இல்லை. இங்கேதான் நம் துறையினர் பலரும் கவனிக்காமல் விடுகிற சூட்சுமம் இருக்கிறது. விவசாய வகை நிலத்தில் எத்தகைய கட்டடம் நிற்கலாம் என்பதை 115ஆம் பிரிவு வகுக்கும்போது, விவசாயத்துக்குத் துணையானவற்றையும் அவ்வேலையில் ஈடுபட்டோரின் கல்வி, வைத்தியம் முதலிய நலவசதிகளையும் அனுமதிக்கிறது. லயமும் பாலர் பள்ளியும் ஆயாக் கொட்டகையும் சட்டத்தின் கண்ணில் பயிரின் பரிவாரங்கள். வகை மாறிய கணத்தில் அந்தப் பரிவாரத்துக்கு ஆதாரமே இல்லாமற்போகிறது. பிறகு எஞ்சுவது 1980ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் வேலைநீக்கப் படி மட்டும்: இரண்டாண்டுக்குட்பட்ட சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குட்பட்டதற்கு 15, அதற்கு மேற்பட்டதற்கு 20. முப்பதாண்டு உழைத்தவரின் கையில் அறுநூறு நாள் கூலி. வீடு கணக்கில் வராது.

மற்ற நாடுகள் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் நமக்குத் தெரியாததன்று. கீழ்த்தஞ்சையின் கொந்தளிப்புக்குப் பின் தமிழ்நாடு 1971இல் இயற்றிய குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், அவ்வாண்டு ஜூன் 19ஆம் தேதி மிராசுதாரின் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையையே சொந்தமாக்கியது. கேரளத்தில் 1970 முதல் குடிகிடப்புக்காரன் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட் வரை வாங்கிக்கொள்ளும் உரிமை பெற்றான். வயலைப் பகிர்ந்து கொடுக்கும் பெரிய சீர்திருத்தம் பலவிடங்களில் நீதிமன்றங்களில் சிக்கி இழுபட்டபோதும், குடியிருக்கும் மனையைப் பிரித்தெடுத்த இந்தச் சிறிய சீர்திருத்தம் நிலைத்தது. இலங்கை இதற்கு மாறான பாடம்: 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்களெல்லாம் அரசுடைமையான பின்பும் மலையகத் தமிழரின் லயம் லயமாகவே நின்றது, பல பத்தாண்டுகள் கழிந்தும் ஏழு பேர்ச் காணிக்காக அவர்கள் இன்னும் மன்றாடுகிறார்கள்.

இவற்றை அப்படியே இங்கே நடலாம் என்று நாம் வாதிக்கவில்லை. கூட்டரசு அரசமைப்பின் 13ஆம் ஷரத்து போதிய நஷ்ட ஈடின்றிச் சொத்தை எடுக்கக்கூடாது என்கிறது. பட்டாதாரரின் வக்கீல்கள் முதலில் நீட்டுவதும் அதைத்தான். ஆனால் வகை மாற்றம் பறிமுதல் ஆகாது; அது உடைமையாளர் தாமாக வந்து கேட்கிற அனுக்கிரகம். பிரீமியம் கட்டச் சொல்லவும், வாடகையை உயர்த்தவும், தனக்கு உசிதமென்று தோன்றுகிற பிற நிபந்தனைகளை விதிக்கவும் 124ஆம் பிரிவு மாநில அரசுக்கு இடங்கொடுக்கிறது. குடியிருப்புக்கென ஒரு பகுதியைப் பிரித்துத் தனிப்பட்டாவாகத் தொழிலாளர் பெயருக்கு எழுதுவதை அந்த நிபந்தனைகளுள் ஒன்றாக வைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. வேண்டியவை இரண்டு. மனுவோடு இணைக்கும் வரைபடத்தில் நில அளவையாளர் லயத்தையும் கோயிலையும் இடுகாட்டையும் குழாயடியையும் அளந்து குறிக்கவேண்டும். குடியிருப்போரின் ஜாபிதாவை, கிராணியாரின் செக்ரோலிலிருந்தாவது, மனு விசாரணைக்கு வருமுன் நில அலுவலகத்தில் சேர்ப்பிக்கவேண்டும். எல்லைக்கல்லைத் தேடி அரைநாள் காட்டில் அலைகிற அளவையாளருக்கு, கண்ணெதிரே நிற்கும் நாற்பது வீடுகளை அளப்பது சிரமமாகாது.

இதைச் செய்யாமல், பூட்டு விழுந்த தோட்டத்தின் வாசலில் நின்றுகொண்டு புத்ராஜெயாவுக்கு மகஜர் அனுப்புவது நம் சங்கங்களின் வழக்கமாகிவிட்டது. நிலம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்த விஷயம். தேசிய நிலச் சட்டம் ஒரே சீராக எழுதப்பட்டிருந்தாலும் அதன்கீழ் சம்மதம் தருவதும் மறுப்பதும் மந்திரி புசாரின் ஆட்சிக்குழு. கெடாவின் மனுக்கள் முதலில் மாவட்ட நில அலுவலகத்துக்கும், அங்கிருந்து அலோர் ஸ்டாருக்கும் போகவேண்டியவை. அவை அங்கே போய்ச் சேரவேண்டிய காலம், வகை மாற்ற மனு மேசையில் இருக்கும்போதே.